இடியன் துவக்கிற் பின்வீச்சும் மருந்துக்கரியும்

நெற்கதிர் பால் பிடிக்கும் பருவத்திலும், மரவள்ளி, வற்றாளை, சோளம், நிலக்கடலை ஆகியன முதிர்ந்துவரும் காலத்திலும் காட்டுப்பன்றியினால் விளையும் சேதத்தைக் கமக்காரருக்கு எடுத்துரைக்க வேண்டிய அவசியமில்லை. இராமுழுவதும் காவற்கொட்டிலிற் கண்விழித்திருந்தும், விடியற்காலத்து ஒரு மணிநேர அயர்வில், ஒரு பாத்தி முழுவதும் உழுது புரட்டப்பட்டுக் கிடப்பதைக் கண்டவர்கள் அவர்களே. இக்காரணத்தினாலேயே பயிர்க் காவலுக்கென அனுமதிப்பத்திரத்துடன் துவக்கு வைத்திருக்குங் கமக்காரர் பலர் இருக்கின்றனர். அவர்களுட் சிலரிடம் தோட்டாத் துவக்கு உண்டு. வேறு சிலரிடம் குழலின் வாய்வழியே மருந்தையும் சன்னத்தையும் இட்டு இடித்து நிரப்பும் இடியன் துவக்கே உண்டு. பின்னவர்களுக்காகவே இத்துண்டுப்பிரசுரம் எழுதப்படுகின்றது.

இடியன் துவக்கை உபயோகிப்போர் அடிக்கடி கூறும் குறைகள் இரண்டு. ஒன்று, சுடும்பொழுது கேப்பு இருக்கும் இடத்திலிருந்து தீயும் புகையுஞ் செப்புத் துண்டுகளும் பின்னோக்கிச் சிதறி முகத்திலுங் கையிலும் படுதல். இதனை இங்கே பின்வீச்சு என்று குறிப்போம். தோளிற் படும் உதைப்பு வேறு, இது வேறு. உதைப்பு எல்லாத் துவக்கிற்கும் இயல்பு. பின்வீச்சு மிகுமாயின் அது துவக்கில் ஏதோ பழுது உண்டென்பதற்கு அடையாளம். மற்றக் குறை, சில முறை சுட்டதும் குழலினுட் கரி படிந்து மருந்து நிரப்ப முடியாமற் போதலும், பின்னர் துரு ஏறுதலுமாம். இவ்விரண்டையும் வெவ்வேறு நோய்களாகக் கொள்வது வழக்கமெனினும், ஒன்று மற்றதை வளர்க்கும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

தீ செல்லும் வழி

இடியன் துவக்கின் குழல் அடியில் ஒரு திருகாணியால் அடைக்கப்பட்டிருக்கும். அதற்குச் சற்று மேலே, பக்கத்தில், சிறிய இரும்பு முளையொன்று புரியிட்டுத் திருகப்பட்டிருக்கும். முளையின் நடுவே ஊசித்துளை போன்ற நுண்ணிய துளை உண்டு. முளையின் தலையிற் கேப்பை வைத்துக் குதிரையை விட்டதும், கேப்பினுள் இருக்கும் மருந்து அடிபட்டு வெடித்து, அதன் தீ இத்துளை வழியே இறங்கிப் பற்றுவாயைக் கடந்து குழலின் அடியிலுள்ள கறுமருந்தைப் பற்றவைக்கும். இவை அனைத்தும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடந்துவிடும்.

அடிபட்டால் வெடிக்கும் மருந்தைத் துவக்கிற்கு உபயோகிக்கும் முறையைக் கண்டவர் ஸ்கொத்லாந்து தேசத்தின் பெல்ஹெல்வி என்னும் ஊரிற் கிறித்தவ குருவாக இருந்த அலெக்சாந்தர் போசைத் என்பவர். 1807 ஆம் ஆண்டில் அவர் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அக்காலத்துச் சக்கிமுக்கித் துவக்கின் மேற்புறத்தில் முதலில் தெறிக்கும் ஒளியைக் கண்டு, நீர்ப்பறவைகள் சன்னம் வருமுன்னரே மூழ்கித் தப்பிவிடுவதே அவரை இம்முயற்சியில் ஈடுபடச் செய்தது என்பர். வேட்டைக்காரரின் அலுப்பிலிருந்து பிறந்த அம்முறையைத்தான் நமது இடியன் துவக்கு இன்றும் பின்பற்றுகின்றது.

பின்வீச்சு ஏன் உண்டாகின்றது?

கறுமருந்து எரிந்து வாயுவாக மாறியதும் அவ்வாயு எல்லாத் திசையிலும் ஒரே வலிமையுடன் தள்ளும். முன்னே அடைப்பும் சன்னமும் உள்ளன; அவற்றைத் தள்ளிக்கொண்டு பெரும்பகுதி வாய்வழியே வெளியேறும். பின்னே உள்ள ஒரே வழி முளையின் துளையாகும். அத்துளை மிக நுண்ணியதாயும், அதன்மேல் குதிரை வலிய வில்லினால் அழுந்தியும் இருக்குமாயின், பின்னே தப்பும் வாயு மிகச் சொற்பம். துளை அகன்றாலோ, குதிரையின் பிடி தளர்ந்தாலோ, தப்பும் வாயு பெருகும். குதிரை மேலே எறியப்படும். கேப்பின் செப்பு கிழிந்து சிதறும். வயல் வாய்க்காலிற் கட்டு ஒருபுறம் பலமாயும் மறுபுறம் எலி வளையுடனும் இருந்தால் நீர் எப்புறஞ் செல்லும் என்பதை நினைத்துக்கொண்டாற் போதுமானது.

துளை அகலுவதற்குக் காரணம் சூடேயாகும். ஒவ்வொரு சுடுகையின்போதும் மிகுந்த வெப்பமுள்ள வாயு, எரியாத துகளையும் உப்பையுஞ் சுமந்துகொண்டு அந்நுண்ணிய துளை வழியே பாய்கின்றது. இரும்பு சிறிது சிறிதாக அரிக்கப்படும். ஆகவே முளை என்பது ஏர்க்கொழு போன்று தேய்ந்து மாற்றப்படவேண்டிய ஓர் உறுப்பு. துவக்கு வாங்கிய நாளில் இருந்த முளையே தந்தை காலந்தொட்டு இன்றும் இருக்கின்றதெனப் பெருமையுடன் கூறுவோர் உளர். இது பெருமைக்குரியதன்று.

முளை தேய்ந்துவிட்டதென அறிவதற்குச் சில அடையாளங்கள் உள. சுட்டபின் குதிரை கேப்பின்மேற் படிந்திராமல் அரைநிலையில் நிற்குமாயின் துளை பெருத்துவிட்டது, இதிற் சந்தேகமில்லை. கேப்பு மலர்ந்து இரண்டு மூன்றாக வெடித்திருத்தல் சாதாரணம். துண்டுகள் காணாமலே போதல் சாதாரணமன்று. முளையைச் சுற்றியுள்ள மரக்கட்டை கருகியிருத்தலும் கவனிக்கத்தக்கது. இவற்றுக்கெல்லாம் மேலாக ஓர் எளிய அளவுமுறை உண்டு. புதிய முளையைப் பொருத்திய அன்றே அதன் துளையில் மட்டாக நுழையும் ஒரு தையல் ஊசியைத் தெரிந்தெடுத்து, அதனை ஒரு தக்கையிற் குத்தித் துவக்குச் சாமான்களுடன் வைத்துக்கொள்க. சில மாதத்துக்கு ஒருமுறை, துவக்கு வெறுமையாக இருக்கும்போது, அவ்வூசியை நுழைத்துப் பார்த்தல் வேண்டும். ஊசி ஆடத் தொடங்கினால் முளையை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது.

துளை அடைபட்டால் அதனை ஆணியினாலோ துளையூசியினாலோ குடைந்து திறப்பது சிலரின் வழக்கம். ஒரு முறை இவ்வாறு செய்வது நூறு சுடுகை தேய்க்குந் தேய்வை ஒரே நாளில் உண்டாக்கிவிடும். மெல்லிய பித்தளைக் கம்பியே இதற்குப் போதும். அதுவும் வெந்நீரில் ஊறவைத்த பின்னர்.

முளையின் புரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. துரு ஏறி அரித்த புரியில் முளை தளர்ந்து நிற்குமாயின் அது சுடும்போது பிடுங்கப்பட்டு முகத்தை நோக்கிப் பறக்கக்கூடும். பின்வீச்சிலே இதுவே மிகக் கொடியது. விரலாற் பற்றி ஆட்டும்போது அசையும் முளையுள்ள துவக்கை ஒருபோதுஞ் சுடலாகாது. தும்பையோ சீலைத் துண்டையோ புரியிற் சுற்றி இறுக்குவதும், ஈயம் உருக்கி வார்ப்பதும் பரிகாரமாகா. துவக்குத் திருத்த அனுமதி பெற்ற தொழிலாளரிடங் கொடுத்துப் புதிய புரி வெட்டுவித்தலே வழி.

குதிரையை அழுத்தும் வில் தளர்ந்திருந்தாற் புதிய வில் இடுவித்தல் நன்று. ஆயினும் தேய்ந்த முளையை அப்படியே விட்டு வில்லை மட்டும் வலிதாக்குவோர், ஓட்டைச் சாக்கை இறுக்கிக் கட்டுவோரைப் போன்றவராவர். குதிரையின் மூக்கிலுள்ள குழியையும் பார்த்தல் வேண்டும். கேப்பு முழுவதையும் மூடிக்கொள்ளுமாறு அக்குழி அமைந்திருப்பது, செப்புத் துண்டுகள் பக்கத்தே சிதறாமல் தடுத்தற்பொருட்டேயாகும். குழியின் விளிம்பு உடைந்திருந்தால் அக்காவல் இல்லாமற் போகும்.

கேப்பின் பொருத்தம்

கேப்பு முளைக்கு மட்டாக இருத்தல் வேண்டும். பெரிதாயிருந்தால் குதிரையைத் தூக்கும்போதே விழுந்துவிடும்; விழாவிடினும், இடைவெளி வழியே தீ வெளியே கசியும். அதனை விரலால் நெரித்துக் கோணலாக்கி மாட்டுவது வழக்கத்தில் உள்ளதெனினும் சிறந்ததன்று. சிறிதாயிருந்தால் அது முளையின் அடிவரை இறங்காது; குதிரையின் முதல் அடி அதனை இறக்குவதிலே செலவாகி, வெடிப்பதற்கு வலிமை எஞ்சாது. கேப்பு வெடிக்கவில்லை என்று இரண்டாம் முறை குதிரையை விட்டதும் வெடித்தால், குற்றம் பெரும்பாலும் கேப்பின் அளவிலேதான் உள்ளது. கேப்பைப் பெருவிரலால் அழுத்தி இறக்கலாம்; குதிரையால் அழுத்தியோ கல்லால் தட்டியோ இறக்குதல் கூடாது.

பன்னிரண்டாம் இலக்கத் தோட்டாவின் அடியிலுள்ள வெடிமூடி, கேப்பிலும் மிக வலிய தீயைத் தரும். ஐக்கிய அமெரிக்காவிலே வாய்வழி நிரப்பும் வேட்டைத் துவக்குகளில் ஒரு புதுவகை, 1985 இல் தோனி நைற் என்பவர் வெளியிட்ட துவக்கின் பின்னர்ப் பெரிதும் பரவியது. அவ்வகையில் வெடிமூடி பக்கத்திலன்றி, குழலுக்கு நேர் பின்னே, ஒரே கோட்டில் அமைந்திருக்கும். இன்று அவற்றுட் பெரும்பாலானவை தோட்டாவுக்குரிய வெடிமூடியையே உபயோகிக்கின்றன. ஆங்கும் பின்வீச்சு உண்டு. வெடிமூடிக்கும் அதன் இருக்கைக்கும் இடையில் மயிரிழை இடைவெளி இருப்பினும் வாயு அவ்வழியே தப்பிப் பொறியெங்குங் கரியைப் பூசிவிடுகின்றது. அந்நாட்டு வேட்டைக்காரர் மெல்லிய வளையங்களை இட்டு இடைவெளியை நிரப்புகின்றனர். தீத்துளை பெருத்த அடித்திருகாணியை மாற்றுகின்றனர். புரிக்கு வெப்பந்தாங்குங் கொழுப்பைப் பூசுகின்றனர். துவக்கு வேறாயினும் விதி ஒன்றே என்பதற்காகவே இதனைக் கூறினோம். அவ்வலிய வெடிமூடியை நமது இடியன் துவக்கில் எவ்வகையாலேனும் பொருத்திப் பார்க்க எவரும் எண்ணலாகாது. அவ்வமைப்பிற்கென உருக்கிற் கடைந்து மூடிய இருக்கை அவர்களிடம் உண்டு. நம்மிடம் திறந்த முளைதான் உண்டு.

மருந்துக்கரி என்பது யாது?

இதனைக் கரி என்று அழைத்தாலும் அதிற் கரி சிறுபாகமே. கறுமருந்து வெடியுப்பு, கந்தகம், மரக்கரி என்னும் மூன்றின் கலவை. நோபிள், ஏபெல் என்னும் இரு அறிஞர் கறுமருந்தை மூடிய இரும்புக் கலத்தினுள் எரித்து ஆராய்ந்து 1875 இல் வெளியிட்ட முடிபுகளின்படி, நூறு பங்கு மருந்தில் ஏறக்குறைய 43 பங்கே வாயுவாக மாறுகின்றது. மிகுதி 57 பங்கும் திண்மப் பொருளாகவே எஞ்சுகின்றது. அதிற் பெரும்பகுதி வெண்புகையாக வெளியேறினும், ஒரு பகுதி குழலின் சுவரிலும் அடியிலும் பற்றுவாயிலும் ஒட்டிக்கொள்கின்றது. அப்படிவு பெரும்பாலும் பொற்றாசியங் காபனேற்று, பொற்றாசியஞ் சல்பேற்று, பொற்றாசியஞ் சல்பைட்டு என்னும் உப்புக்களாலாயது. முதலாவது அடுப்புச் சாம்பலை நீரிற் கரைத்து வடிக்கும்போது கிடைக்குங் காரமேயாகும். மேலும், பழைய வகைக் கேப்புக்களின் மருந்திற் பொற்றாசியங் குளோரேற்று சேர்க்கப்பட்டிருக்கும். அது எரிந்தபின் எஞ்சுவது பொற்றாசியங் குளோரைட்டு. அதாவது நாம் வயலுக்கு இடும் மியூறியேற் ஒப் பொட்டாஷ் என்னும் பசளையின் பிரதான பொருளே.

இப்பசளையைத் திறந்த சாக்கில் மாரிகாலத்தில் விட்டுவைத்தால் அது ஈரத்தை இழுத்துக் கட்டியாவதையும், அதனை அள்ளிய மண்வெட்டி கழுவாது விடப்பட்டால் ஓரிரு நாளிற் செந்துரு பிடிப்பதையுங் கமக்காரர் அறிவர். துவக்குக் குழலினுள்ளே நடப்பதும் அஃதே. இவ்வுப்புக்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பின்மேல் உப்புநீராகப் படிந்து நிற்கும். பெரும்போகத்து மாரியிலே, மாலையிற் சுட்ட துவக்கைக் காலைவரை கழுவாது விட்டாற் குழலினுட் சீலையைச் செலுத்தி இழுக்கும்போது அது செம்மண் நிறமாக வெளிவரும். சிறுபோகத்திலே, கச்சான் காற்று வீசும் நாட்களில், நிலைமை மறுபுறமாகும். அப்போது படிவு உலர்ந்து ஓடுபோல் இறுகிவிடும். துரு மெதுவாகவே பிடிக்கும், ஆனால் மூன்றாம் நான்காம் முறை நிரப்புவதற்கு இடிகோல் இறங்காது.

படிவு பின்வீச்சை வளர்ப்பது எவ்வாறு? பற்றுவாய் படிவினாற் குறுகினாற் கேப்பின் தீ உள்ளே முழுதுஞ் செல்லாது வெளியே சிதறும். முளையின் தலையிற் படிவு திரண்டிருந்தாற் கேப்பு முழுதும் இறங்காது. இவை கண்ணுக்குத் தெரிவன. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. குழலின் நடுவிற் படிவு வளையம்போல் இறுகியிருந்தால், அடைப்பும் சன்னமும் மருந்தின்மேற் போய்ப் படியாது அவ்வளையத்திலே தடைபட்டு நிற்கும். மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையில் வெற்றிடம் உண்டாகிய இந்நிலையிற் சுட்டால் குழல் புடைக்கும். சில வேளை வெடித்துப் பிளக்கும். பயிர்க் காவலின்போது இடக்கையை இழந்தவரின் துயர் ஒரு போக விளைச்சலோடு ஒப்பிடத்தக்கதன்று.

இவ்விபத்தைத் தடுக்க இடிகோலில் இரு அடையாளங்கள் இடுதல் வேண்டும். வெறுங் குழலில் இடிகோலை அடிவரை இறக்கி, குழல்வாய்க்கு நேரே ஒரு கோடு கீறுக. வழக்கமான அளவு மருந்தும் சன்னமும் நிரப்பிய பின்னர், கேப்பு வைக்குமுன், மீண்டும் இறக்கி இரண்டாவது கோடு கீறுக. அதன்பின் ஒவ்வொரு முறையும் இடிகோல் தனது கதையைத் தானே கூறும். முதற்கோடு வாயோடு நின்றால் துவக்கு வெறுமை. இரண்டாங்கோடு நின்றால் சரியாக நிரம்பியுள்ளது. இரண்டாங்கோடும் வாய்க்கு மேலே நின்றாற் சன்னம் நடுவழியிற் சிக்கியுள்ளது, அல்லது முன்னரே நிரப்பியதன்மேல் இன்னொரு முறை நிரப்பப்பட்டுள்ளது. இருட்டில் விரலாற் தடவியும் அறியத்தக்கதாகக் கோடுகளை ஆழமாகக் கீறுதல் நன்று.

படிவைக் குறைக்கும் முறை

மருந்தைக் கூட்டினால் சன்னம் தூரஞ் செல்லும் என்பது பெரும்பாலுந் தவறான எண்ணம். ஓர் அளவுக்கு மேல் இட்ட மருந்து குழலினுள் முழுதும் எரியாது. படிவும் புகையும் உதைப்பும் பின்வீச்சுமே அதிகரிக்கும். துவக்கிற்குரிய அளவை அதனைச் செய்தவரிடமோ திருத்துந் தொழிலாளரிடமோ கேட்டறிந்து, அவ்வளவே கொள்ளும் ஒரு சிறு பித்தளைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு எப்பொழுதும் அதனாலேயே அளந்து இடுக. மருந்துக் கொம்பிலிருந்தோ போத்தலிலிருந்தோ நேரே குழலுள் ஊற்றலாகாது. முந்திய சுடுகையின் கனல் உள்ளே எஞ்சியிருந்தாற் கிண்ணத்து மருந்து மட்டுமன்றிக் கையிலுள்ள மருந்து முழுவதும் பற்றிக்கொள்ளும்.

கனல் எஞ்சுவது எங்கே என்றால், பெரும்பாலும் அடைப்பிலேயாகும். தேங்காய்த் தும்பை அடைப்பாக இடுவோர் உளர். தும்பு அணையாது கனன்றுகொண்டிருக்கும் இயல்புடையது. நுளம்புக்குப் புகைபோடத் தும்பைப் பொத்தியிற் கனலவிடுவதும் இவ்வியல்பினாலேயே. குழலின் அளவுக்கு வெட்டிய தடித்த கம்பளி அடைப்போ கடின அட்டையோ இதனினும் மேலானது. அடைப்பு இறுக்கமாக இருந்தால் மருந்து நன்கு எரிந்து படிவு குறையும். அதிலே தேன்மெழுகையும் மாட்டுக்கொழுப்பையும் உருக்கிக் கலந்து சிறிது பூசிவைத்தால், அது செல்லும் வழியெல்லாம் படிவை இளக்கிக்கொண்டு போகும். கொழுப்பு மருந்தை நனைக்காதிருக்க, இரண்டுக்கும் நடுவே உலர்ந்த அட்டையொன்று இடப்படவேண்டும். தேங்காயெண்ணெயும் இதற்கு உதவும். மண்ணெண்ணெய், டீசல், இயந்திரக் கழிவெண்ணெய் முதலிய மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய்கள் ஆகா. அவை கறுமருந்தின் படிவோடு கூடித் தார்போன்ற பசையாகிக் குழலில் ஒட்டும்.

ஒவ்வொரு சுடுகைக்குப் பின்னும், மறுமுறை நிரப்புமுன், சிறிது ஈரமான சீலைத் துண்டை ஒருமுறையும் உலர்ந்த துண்டை ஒருமுறையுங் குழலுட் செலுத்தி எடுத்தல் வேண்டும். இதனால் எஞ்சிய கனலும் அணையும், படிவும் நீங்கும். பன்றி மீண்டும் வருமுன் நிரப்பிவிட வேண்டுமென்ற அவசரம் விளங்கத்தக்கதே. ஆயினும் சத்தங் கேட்ட பன்றிக் கூட்டம் உடனே திரும்புவது அரிது. இதற்கு வேண்டிய நேரம் உண்டு.

கழுவுதல்

கழுவுமுன் இடிகோலின் முதற்கோட்டைப் பார்த்துத் துவக்கு வெறுமையென நிச்சயித்துக்கொள்க. முளையில் கேப்பு இருத்தல் கூடாது. பின்னர் முளையைக் கழற்றி ஒரு சிரட்டை வெந்நீரில் இட்டுவிடுக.

படிவு உப்பு ஆகையால் அதனைக் கரைப்பது நீரே. எண்ணெயில் உப்புக் கரையாது. இதனை உணராமையாலேயே, மண்ணெண்ணெயாற் துடைத்துப் பளபளப்பாக வைத்த துவக்கும் ஒரு கிழமையிற் துருப்பிடிக்கின்றது. எண்ணெய்க்குக் கீழே உப்பு அப்படியே இருக்கின்றது. குழலைக் கட்டையிலிருந்து கழற்றக்கூடியதாயின் கழற்றி, அதன் அடியைச் சவர்க்காரங் கலந்த வெந்நீர் வாளியில் நிறுத்தி, சீலை சுற்றிய கோலை வாய்வழியே ஏற்றி இறக்குக. கோல் மேலே வரும்போது நீர் முளைத்துவாரம் வழியே உள்ளே இழுக்கப்படும். கீழே செல்லும்போது அழுக்கோடு வெளித்தள்ளப்படும். கழற்ற முடியாத குழலாயின், வாய்வழியே வெந்நீரை வார்த்துத் துவாரத்தால் வடியவிடுதல் வேண்டும். மரக்கட்டையில் நீர் இறங்காதவாறு சாய்த்துப் பிடித்தல் நன்று.

முதல் நீர் மையாகக் கறுத்து, கூழ்முட்டை நாற்றத்துடன் வரும். அந்நாற்றம் படிவிலுள்ள சல்பைட்டினால் உண்டாவது; அருவருக்க வேண்டியதில்லை, அது நமக்கு உதவுவது. நாற்றம் நீங்கி நீர் தெளிவாக வரும்வரை நீரை மாற்றிக் கழுவவேண்டுமென்பதே அளவு. கடைசி முறை கொதிநீரை வார்த்தால் இரும்பு சூடேறி மிச்ச ஈரத்தைத் தானே உலர்த்திவிடும். அதன்பின் உலர்ந்த சீலை கறையின்றி வரும்வரை துடைத்து, முளைத்துளையையும் அதன் புரியையும் பித்தளைக் கம்பியாலும் பழைய பற்றூரிகையாலுஞ் சுத்தஞ் செய்க. புரிக்குச் சிறிது கொழுப்புப் பூசி முளையைத் திருகினால் அடுத்த முறை கழற்றுவது எளிது.

சில நாள் சுடாது வைப்பதாயின் தையல் இயந்திர எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயைக் குழலின் உள்ளும் புறமும் இலேசாகப் பூசலாம். தேங்காயெண்ணெய் நாட்பட்டாற் பிசினாக இறுகும். ஆதலால் நீண்டகாலச் சேமிப்புக்கு அது உகந்ததன்று. எவ்வெண்ணெய் பூசினும், மறுமுறை மருந்து இடுமுன் உலர்ந்த சீலையால் முழுவதுந் துடைத்து எடுத்தல் இன்றியமையாதது. எண்ணெய் பற்றுவாயிற் தேங்கி மருந்தை நனைப்பதே, மழைபடாத துவக்கும் வெடியாது போவதற்கு முதற்காரணம்.

துடைத்தபின் ஒரு சோதனை செய்யலாம். துவக்கு வெறுமையென மீண்டும் நிச்சயித்து, முளையில் ஒரு கேப்பை வைத்து, குழல்வாயை நிலத்திற் கிடக்கும் ஓர் உலர்ந்த இலைக்கு நான்கு விரற்கடைத் தூரத்திற் பிடித்துக் குதிரையை விடுக. இலை அசைந்தால் தீவழி திறந்துள்ளது. அசையாவிடின் வழி அடைபட்டுள்ளது. வாயைக் குழல்வாயில் வைத்து ஊதிப் பார்க்கும் வழக்கத்தைக் கைவிடவேண்டும். இதனை எத்தனை முறை கூறினும் மிகையாகாது.

கேப்பு வெடித்தும் துவக்கு வெடியாவிடில்

தீவழி அடைபட்ட துவக்கில் மருந்து உடனே பற்றாது புகைந்து, சில வினாடி கழித்து வெடிப்பதுண்டு. ஆகவே கேப்பு மட்டும் வெடித்தால், துவக்கைத் தோளிலிருந்து இறக்கிப் பார்ப்பதோ வாயை எட்டிப் பார்ப்பதோ கூடாது. குழல்வாயை ஆளில்லாத் திசையில், வெடிக்கத் தயாராக உள்ளதென்றே எண்ணிப் பிடித்துக்கொண்டு, இரண்டு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். பின்னர் புதிய கேப்பு வைத்து மீண்டும் முயலலாம். அப்போதும் வெடியாவிடின், கேப்பை எடுத்துவிட்டு முளைத் துவாரம் வழியாகவும் வாய்வழியாகவும் நீரை வார்த்து மருந்தை நன்கு நனைத்துச் செயலற்றதாக்கிய பின்னரே, திருகு முனையுள்ள கோலால் அடைப்பைப் பிடுங்கி எடுக்கவேண்டும். ஈரமாக்காது கோலால் இடித்தும் நெருப்பிற் காட்டியும் எடுக்க முயல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

வேறு மருந்து இடாதிருத்தல்

பன்னிரண்டாம் இலக்கத் தோட்டாவைப் பிரித்து அதன் மருந்தை இடியன் துவக்கில் இடுதல் எவ்வகையாலும் ஆகாது. தோட்டாவிலுள்ளது புகையற்ற மருந்து, அது கறுமருந்தன்று. ஒரே அளவு இட்டாலும் அதனால் உண்டாகும் அழுத்தத்தை இடியன் துவக்கின் குழல் தாங்காது. படிவு குறைவாயிருக்கின்றதென்று அதனைச் சிலாகித்துக் கூறுவோர் பேச்சைக் கேட்டல் ஆகாது. சீனவெடியின் மருந்தும் தீக்குச்சி மருந்தும் அவ்வாறே விலக்கத்தக்கன. அவை இடிக்கும்போதே பற்றக்கூடும்.

கண்ணைக் காத்தற்குப் பூச்சிநாசினி தெளிக்கும்போது அணியும் கண்ணாடியே போதியது. அதனைக் காவற்கொட்டிலுக்கும் எடுத்துச் சென்றால், பின்வீச்சாற் சிதறுஞ் செப்புத் துண்டு கண்ணிற் படாது. துவக்கின் வலப்புறத்தே, முளைக்கு நேராக எவரையும் நிற்கவிடலாகாது. உடன் காவலிருக்கும் பிள்ளைகள் விளக்கைப் பிடித்துக்கொண்டு அவ்விடத்திலேயே நிற்பது வழக்கமாகையால் இதனை விசேடமாகக் கூறுகின்றோம். விடிந்து வீடு திரும்புமுன் கேப்பை எடுத்துவிடுக. நிரப்பிய துவக்கை வீட்டிற் தூக்கிவைக்க வேண்டாம். மருந்தும் கேப்பும் வெவ்வேறு பெட்டியில், அடுப்பிலிருந்து தூரத்தில், பூட்டி வைக்கத்தக்கன.

சட்டப்படி கவனிக்கவேண்டியன

1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டத்தின்படி இடியன் துவக்கிற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது வருடந்தோறும் புதுப்பிக்கப்படவேண்டும். கறுமருந்து 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட் சட்டத்துக்கு உட்பட்டது. அதனை வீட்டிற் தயாரித்தல் குற்றமும் பேராபத்துமாகும். துவக்கை வேலியிலோ பன்றி செல்லும் தடத்திலோ கட்டி, கயிறு இடறியதும் வெடிக்குமாறு வைக்கும் கட்டுத்துவக்கு சட்டவிரோதமானது. அதனாற் காலிழந்தோர் பலர் வயலுக்கும் விறகுக்கும் போன அயலவரே. யானை, மான், மரை ஆகியன 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாற் காக்கப்பட்டவை. பயிருக்குள் நின்றாலும் அவற்றைச் சுடலாகாது. யானை வருமிடத்து வனசீவராசிகள் திணைக்கள அலுவலருக்கு அறிவிக்க. அனுமதிப்பத்திரம் பற்றிய விபரங்களை உங்கள் பிரதேச செயலகத்திலும், பன்றியைத் தடுக்கும் வேலி முறைகள் பற்றிய ஆலோசனையை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்டறியலாம்.